முதல் கோடு விழாத நிப்பு

நிப்புக்காரர் என்ற பெயரை அவருக்கு வைத்தது தபால்காரர். வெளியூர்களிலிருந்து மாதத்துக்கு ஏழெட்டுப் பேனாக்கள் பஞ்சில் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடைத்து அவர் வீட்டுக்கு வரும். தபால்காரர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "நிப்புக்காரரே, புது நோயாளி வந்திருக்கு, சேர்த்துக்கோங்க!" என்று குரல் கொடுப்பார். தெருவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. அதற்கு முன் முப்பத்து நான்கு வருடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவர் லென்ஸ் தேய்த்தவர் என்பது அந்தக் கடைக்காரருக்கும் நிப்புக்காரரின் மனைவிக்கும் மட்டுமே நினைவிருந்தது.

வேலை நடந்தது வீட்டின் இரண்டாவது அறையில், ஜன்னலோரம். மூன்றடிக்கு இரண்டடி மேசை. அதன்மேல் ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு கிண்ணம் தண்ணீர், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், தலைமயிரைவிட மெல்லிய பித்தளைத் தகடு இரண்டு. பிறகு மெருகுத்தாள்கள், சொரசொரப்பு குறையும் வரிசையில்: பன்னிரண்டு மைக்ரான், மூன்று மைக்ரான், ஒரு மைக்ரான். கடைசியாக ஒரு வெள்ளைத் தாள். அதில் விரலை வைத்தால் சொரசொரப்பே தெரியாது, ஆனால் அதுவும் உலோகத்தைத் தின்னும்.

கடையில் விற்கும் நிப்பு எல்லார் கைக்கும் பொதுவாகச் செய்தது. எல்லார் கைக்கும் என்றால் யார் கைக்கும் இல்லை என்று பொருள் என்பார் அவர். நிப்பின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கெட்டி உலோக மணி ஒட்டியிருக்கும். அதை இரண்டாகப் பிளந்திருக்கும் கோடு வழியேதான் மை இறங்கும். அந்த மணியைத் தேய்த்து ஒருவருக்குப் பட்டையாகவும், ஒருவருக்கு ஊசியாகவும், இடக்கைக்காரருக்குச் சாய்வாகவும் ஆக்கித் தருவது அவர் தொழில். தேய்ந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே பேனா கொண்டுவருபவரை முதலில் மூன்று வரி எழுதச் சொல்வார். தபாலில் அனுப்புபவர்களிடம் கை எழுதுவதைப் பக்கவாட்டில் எடுத்த படம் கேட்பார். எழுதியது என்னவென்று ஒரு நாளும் படித்ததில்லை. நிப்பு காகிதத்தைத் தொடும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்ப்பார். எத்தனை டிகிரி சாய்வு, எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு அழுத்தம்.

வக்கீல் குமாஸ்தா ஒருவர் அவருக்குப் பழைய வாடிக்கை; இடக்கைக்காரர், வாயாடி. ஒருமுறை சோதனைத் தாளில் மூன்று வரியும் "இந்த வீட்டில் தேநீர் கொடுக்கும் வழக்கம் உண்டா?" என்றே எழுதி வைத்தார். நிப்புக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஐம்பது டிகிரி. இடப்பக்கம் கொஞ்சம் புரளுது. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எட்டிப் பார்த்த மனைவி தாளைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அந்த மனுஷன் தேநீருக்கு மனு போட்டிருக்கார், நீங்க டிகிரி சொல்றீங்க. வீடு பத்தி எரியுதுன்னு எழுதிக் குடுத்தாலும் நீங்க நிப்பு எந்தப் பக்கம் புரளுதுன்னுதான் பாப்பீங்க."

"அக்கா, நீங்க சாட்சி. இதை வச்சே இவர் மேல ஒரு வழக்கு போடலாம்" என்றார் குமாஸ்தா.

"போடுங்க தம்பி. ஆனா தீர்ப்பை எழுதிக் குடுத்துடாதீங்க, படிக்க மாட்டார்."

அவள் குரல் அப்படிப்பட்டது. தையல் ஆலையில் நாற்பது மெஷின்கள் ஓடும் கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவள். அத்தனை இரைச்சலுக்கு மேலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். வீட்டிலும் அதே சுருதிதான். அவர் பேசியது குறைவு. அதற்கு அவசியமே ஏற்படவில்லை.

அந்தக் குரல் மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி போயிற்று. ஆறு மாதமாக ஆறாத தொண்டைக் கரகரப்பு புற்று என்று தெரிந்து, குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கழுத்தின் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை; மூச்சு அதன் வழியே. அப்போது அவளுக்கு வயது ஐம்பத்தேழு, அவருக்கு அறுபத்து ஒன்று.

மருத்துவமனையில் வெள்ளைப் பலகையும் மார்க்கரும் கொடுத்தார்கள். மார்க்கரின் நெடி கழுத்துத் துளை வழியே நேராக இறங்கி இருமலைக் கிளப்பியது. செல்போனில் தட்டிப் பார்த்தாள். பொறுமை இல்லை, இரண்டு நாளில் தலையணைக்கடியில் தள்ளிவிட்டாள். நிப்புக்காரர் வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தார். தன்னிடமிருந்ததில் நல்ல பேனாவை எடுத்து, அவள் கைக்காகவே ஒரு நிப்பைத் தேய்த்தார். மூன்று நாள் வேலை. அவள் நுனியைத் தாழ்த்திப் பிடிப்பவள், நாற்பது டிகிரி, வலப்பக்கம் இம்மி திரும்பும். அழுத்தவே வேண்டாம், பேனாவின் கனமே எழுதிக்கொள்ளும்.

கொடுத்ததும் அவள் எழுதிய முதல் வரி: "இத்தனை வருஷமா எனக்கு ஒரு பேனா செஞ்சு தரத் தோணலையே."

அதன்பின் அந்த வீட்டில் பேச்செல்லாம் தாளில்தான். கோடு போடாத சிறு குறிப்பேடுகளை வாங்கிக் குவித்தார். அவள் பேசுகிற வேகத்திலேயே எழுதினாள். சண்டையும் போட்டாள், கோபம் வந்தால் எழுத்து பெரிதாகும், அவ்வளவுதான் வித்தியாசம். நாள் ஒன்றுக்குப் பதினைந்து, இருபது பக்கம். பக்கங்களை அவர் படித்தார். படிக்காமல் விட்டால் குறிப்பேட்டாலேயே முழங்கையில் அடி விழும். அப்படியும் பழக்கம் போகவில்லை. அவள் எழுதும்போது அவர் கண் நிப்பில் இருக்கும். எழுதி முடித்து அவள் தாளைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் வாசகத்துக்கு வரும். தாளில் இருப்பது எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்தார்.

மகள் ஒருத்தி. மருந்துக் கிடங்கில் சரக்குப் பதிவு வேலை. பேருந்தில் ஒரு மணி பத்து நிமிடத் தொலைவில் குடியிருந்தாள். வயது இருபத்தொன்பது ஆகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். ஞாயிறுதோறும் வருவாள். வந்ததும் அந்த வாரக் குறிப்பேடுகளை முதலிலிருந்து படிப்பாள். அப்பாவுடைய பதில்கள் தாளில் கிடையாது என்பதால் பாதிப் பேச்சுதான் கிடைக்கும். "இங்க அம்மா 'நீங்க ஒரு மண்ணாந்தை'ன்னு எழுதியிருக்காங்க. அதுக்கு முன்னாடி நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்று கேட்பாள். "ஞாபகமில்ல" என்பார் அவர். "அதனாலதான்" என்று அம்மா அடியில் எழுதுவாள்.

அக்டோபரில் நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது தெரிந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

அந்த மாதம் குமாஸ்தா ஒரு பேனாவோடு வந்தார். வேறொருவரிடம் கொடுத்துத் தேய்த்தாராம்; தாளில் எண்ணெய்போல ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் முதல் கோடு விழவில்லை. நிப்புக்காரர் லென்ஸில் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"மெருகு மிஞ்சிப்போச்சு. பிளவோட ரெண்டு உள்விளிம்பும் இருக்கு பாருங்க, அது உருண்டு போச்சு. மை உள்ளேயே நிக்குது, தாளைத் தொட மாட்டேங்குது. அழுத்தினா வரும், லேசா எழுதினா வராது."

"வழுவழுன்னு இருக்கறது நல்லதுதானே?"

"வழுவழுன்னு இருக்கலாம், மழுங்கக் கூடாது. தேய்க்கத் தெரிஞ்சவனுக்கு நிறுத்தத் தெரியணும். இது யாரோ கத்துக்குட்டி." பன்னிரண்டு மைக்ரான் தாளில் நிப்பை வைத்து ஐந்து முறை எட்டுப் போட்டார், உருண்ட விளிம்பு மட்டமாகி மை வந்தது. அரை நிமிட வேலை.

நவம்பர் நடுவில் அவள் எழுத்து சிறுத்தது. நாளுக்கு இருபது பக்கம் எட்டானது, பிறகு நான்கு. ஒரு காலை எழுதுவதை நிறுத்திப் பேனாவைப் பார்த்தாள். "இழுக்குது" என்று எழுதினாள்.

நிப்புக்காரருக்குக் கேட்க இனித்த சொல் அது. டாக்டர் சொன்ன எதற்கும் அவரால் செய்ய ஒன்றுமில்லை, இதற்கு உண்டு. பேனாவை வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனார். ஒரு மைக்ரானில் கொஞ்சம், வெள்ளைத் தாளில் கொஞ்சம். கொண்டுவந்து கொடுத்தார். அவள் எழுதிப் பார்த்துத் தலையசைத்தாள். ஆறு நாள் கழித்து மறுபடி "இழுக்குது." மறுபடி வெள்ளைத் தாள். அதற்கப்புறம் நான்கு நாளில். அதற்கப்புறம் மூன்று நாளில்.

இழுத்தது நிப்பு அல்ல. அவள் கையில் வலு இறங்கிக்கொண்டிருந்தது. நேற்று எளிதாக நகர்ந்த பேனா இன்று கனக்கிறது. அவள் அதை வேறு எப்படிச் சொல்வாள்? வேறு யாருடைய கையாக இருந்தாலும் நிப்புக்காரர் முதல் பார்வையிலேயே சொல்லியிருப்பார்: ஐயா, கோளாறு பேனாவில் இல்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு மகள் ஒரு டஜன் ஸ்கெட்ச் பேனாக்களை வாங்கி வந்தாள். "அப்பா, இதுல நெடி இல்ல, மோந்து பாத்துட்டேன். சும்மா தொட்டாலே எழுதும். எந்தப் பக்கம் பிடிச்சாலும் எழுதும். அம்மாவுக்கு இனிமே இதுதான் சரி."

"உங்கம்மா கைக்குன்னு செஞ்ச நிப்பு இருக்கும்போது இது எதுக்கு? பலப்பம் மாதிரி."

"எழுதினா சரிதானேப்பா. அழகு போட்டியா நடக்குது?"

மனைவி ஒரு பச்சை ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தாள். வந்தது. கணவர் முகத்தைப் பார்த்தாள். மூடியை மாட்டிக் கட்டிலோரம் வைத்துவிட்டு, தன் பேனாவை எடுத்து, "இவர் அழுதுடுவார், விடு" என்று எழுதினாள். மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஸ்கெட்ச் பேனாக்கள் மருந்து வைக்கும் இழுப்பறைக்குள் போயின.

டிசம்பர் பத்தொன்பது, வியாழன். காலையில் அவள் ஒரே ஒரு சொல்தான் எழுதினாள், "இழுக்குது" என்று. அதிலும் கடைசி எழுத்து தாளைவிட்டு வழிந்தது. அவர் பேனாவை எடுத்துக்கொண்டார். இதுவரை செய்ததெல்லாம் அரைகுறை என்று தோன்றியது. இந்த முறை கண்ணாடிபோல ஆக்கிவிடுவது என்று உட்கார்ந்தார். வெள்ளைத் தாளில் நாற்பது நிமிடம். லென்ஸில் பார்த்தால் நுனி மணி பனித்துளிபோல மின்னியது.

உரியவர் அருகில் இருந்தால் தேய்த்த நிப்பை அவர் கையிலேயே சோதிக்க வேண்டும் என்பது நிப்புக்காரர் பத்து வருடமாகத் தவறாத விதி. மதியம் ஒன்றேகாலுக்குப் பேனாவோடு போனபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் அதுதான் முதல் தூக்கம். எழுப்ப மனம் வரவில்லை. தானே ஒரு தாளில் எழுதிப் பார்த்தார், தன்னால் ஆனமட்டும் கையை லேசாக வைத்து. அழகாக வந்தது. அவருடைய லேசு அவளுடைய லேசு அல்ல. முப்பத்து நான்கு வருடம் சக்கரத்தில் கண்ணாடியை அழுத்திப் பிடித்த கை அது. மூடியை மாட்டி அவள் பக்கத்தில் வைத்தார்.

மூன்று மணிக்குச் சற்று முன் அவள் விழித்தாள். முகம் தெளிவாக இருந்தது. கையை நீட்டிக் குறிப்பேட்டைக் கேட்டாள். அவர் மூன்று தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தார். குறிப்பேட்டை மடியில் வைத்துப் பேனாவைக் கையில் கொடுத்தார். அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினாள். பேனா நகர்ந்தது. நாற்பது டிகிரி, வலப்பக்கம் இம்மி. துளி உரசல் இல்லை. மையும் இல்லை.

அவள் அதைக் கவனிக்கவில்லை. கண்ணுக்கு அந்த வலு இல்லாமலிருக்கலாம். சொல்ல வந்ததிலேயே இருந்தாள். நிப்பு தாளின் இடப்பக்கத்திலிருந்து நடுவைத் தாண்டிப் போனது. நின்றது, எழும்பியது, மறுபடி தொட்டது. அவர் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கோடு விழவில்லை, இரண்டாவதும் விழவில்லை; உள்விளிம்பு உருண்டுவிட்டது, அந்த வெள்ளைத் தாள் தின்றுவிட்டது என்று அவர் மனம் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. "இரு, இரு, மை வரல" என்று அவள் விரலுக்குள்ளிருந்து பேனாவை உருவினார். "ஒரே நிமிஷம். சரிபண்ணிக் கொண்டாறேன்."

பன்னிரண்டு மைக்ரான் தாள் அடியில் எங்கோ இருந்தது. தேடி எடுத்தார். ஐந்து முறை எட்டு. தொட்டதும் மை வந்தது. அறைக்குத் திரும்பியபோது அவள் கை குறிப்பேட்டின்மேல் மல்லாந்து கிடந்தது. பேனாவை விரல்களுக்கிடையே வைத்தார், நழுவியது. மறுபடி வைத்தார். அவள் கண் திறந்துதான் இருந்தது. பேனா வேண்டாம் என்பதுபோல விரலை மட்டும் இரண்டு முறை அசைத்தாள். போ என்றாளா, பரவாயில்லை என்றாளா, அவருக்குத் தெரியவில்லை. பிறகு தூங்கினாள். மறுநாள் இரவு பத்தேகாலுக்கு மூச்சு நின்றது. இடையில் விழிக்கவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, மகள் குறிப்பேடுகளை வரிசையாக அடுக்கினாள். கடைசிக் குறிப்பேட்டைப் பிரித்தாள். "இழுக்குது"வோடு நின்றிருந்தது. அடுத்த பக்கம் வெள்ளை.

"அதுக்கப்புறம் ஒண்ணுமே எழுதலியாப்பா?"

பொய் சொல்ல அவருக்கு வழி இருந்தது. உன்னைத்தான் கேட்டு எழுதினாள் என்று சொல்லியிருக்கலாம், மகள் நம்பியிருப்பாள்.

"எழுதினா. மை வரல" என்றார்.

நடந்ததை முழுவதும் சொன்னார். நாற்பது நிமிடம், வெள்ளைத் தாள், தூக்கம், எல்லாம். மகள் எழுந்துபோய் அவர் மேசையிலிருந்து லென்ஸை எடுத்து வந்தாள். பேனா போன தடம் தாளில் பள்ளமாக விழுந்திருக்கும் என்பது அவள் எண்ணம். ஜன்னலோரம் தாளைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். அவர் வாங்கிப் பார்த்தார். பென்சில் தூளைத் தடவிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. சொரசொரப்பான நிப்பாக இருந்தால் கீறியிருக்கும். பச்சை ஸ்கெட்ச் பேனா என்றால் கேள்வியே இல்லை. இதுவோ தாளின் ஒரு இழையைக்கூடக் கலைக்கவில்லை. அத்தனை சுத்தமான வேலை.

"கண்ணெதிரே தானேப்பா எழுதினாங்க. கை போன போக்கை வச்சு என்னன்னு தெரியலியா? இவ்வளவு வருஷமா அவங்க எழுத்தைப் பாத்திருக்கீங்களே."

"நான் நிப்பைப் பாத்துட்டிருந்தேன், பாப்பா."

அவரே தொடர்ந்தார், தெரிந்ததை ஒளிக்கக் கூடாது என்பதுபோல. "ரெண்டு இடத்துல புள்ளி வச்சா. அது நல்லா ஞாபகம் இருக்கு. நிப்பு மேலேருந்து நேரா எறங்கித் தொட்டுச்சு."

"ரெண்டு புள்ளியை வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது?"

அவள் லென்ஸைப் பழைய இடத்திலேயே வைத்தாள். குறிப்பேடுகள் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டாள். வெற்றுப் பக்கம் உள்ளதையும் விடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பாமலே சொன்னாள்: "எனக்கு ஆறாதுப்பா. சீக்கிரம் ஆறாது. சொல்லிட்டேன்."

"சரிம்மா."

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க."

அவர் நான்கு மாதம் மேசைப் பக்கம் போகவில்லை. தபால்காரர் கொண்டுவந்த பெட்டிகளைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். மே மாதம் குமாஸ்தா வந்து, பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வாயாடி மனிதர் அரைமணி நேரம் வாய் திறக்காமல் இருந்ததைத் தாங்க முடியாமல் நிப்புக்காரர் அந்தப் பேனாவை எடுத்தார். இப்போது வேலை மறுபடி நடக்கிறது. வெள்ளைத் தாளை மட்டும் வாங்குவதில்லை.

அன்று பையோடு போன மகள் அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். கோபத்தோடுதான் வந்தாள். வந்து சமைத்து, துணி துவைத்து, அவருக்கு மாத்திரை எடுத்துவைத்து, ஐந்து மணிப் பேருந்துக்குப் போனாள். அவர் ஒவ்வொரு முறையும் நிறுத்தம்வரை கூடவே நடந்தார்.